தொலைந்து போகாத பொம்மை



போன பதிவில் முழங்கால் வலிக்குக் கைவைத்தியம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. முடக்கத்தான் தோசைதான் ஜெயித்தது. இன்று எழுதப் போவது ஒரு பொம்மையைப் பற்றி. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள், கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நெதர்லாந்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. மகனும் மருமகளும் ஆபீஸில், பேத்தி பள்ளிக்கூடத்தில். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கூரியர் தம்பி, "என்னம்மா, மருந்தா?" என்று கேட்டார். "இல்லப்பா, பொம்மை" என்றேன். "பேரப்பிள்ளைக்கா?" என்றார். "இல்ல, என் பையனுக்கு. 41 வயசு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது இந்த வீட்டில் ஏன் இல்லாமல் போனது என்றும் தெரியும்.

என் மகன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் சேர்க்கிறவன். லாரி ரோபோவாகும், விமானம் ரோபோவாகும், டேப் ரெக்கார்டர்கூட ரோபோவாகும், அந்தப் பொம்மைகள்தான். ஹாலில் சாமி படத்துக்கு எதிரே கண்ணாடி அலமாரி செய்து வைத்திருக்கிறான். சென்னைக்கு அவனோடு வந்து தங்கிய புதிதில், ஒரு பொம்மை 18,000 ரூபாய் என்று தெரிந்தபோது எனக்கு மயக்கமே வந்தது. என் முதல் மாதச் சம்பளத்தை எத்தனை மாதம் சேர்த்தால் அது வரும் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. மருமகள் சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வீடியோ காலில் மூன்று பேர் கூடிவிடுவார்கள். ஒருவன் என் மகன். ஒருவன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். இன்னொருவன் அமெரிக்காவில். ஜப்பான்காரன் நம்ம பள்ளி மாணவன்தான், என்னிடம் நாலாம் வகுப்புப் படித்தவன். பேர் சொன்னால் சண்டைக்கு வருவான், அதனால் சொல்லவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் திணறுவான். இப்போது எந்தப் பொம்மை எந்த வருஷம் எந்த நாட்டில் வந்தது என்று மளமளவென்று ஒப்பிக்கிறான்.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே பொம்மைக்கு எதற்கு இத்தனை சண்டை? பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக் கேட்டு, இப்போது எனக்கே பாதி தெரியும்.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. அங்கே தகாரா என்ற பொம்மைக் கம்பெனி 1980இல் 'டயாக்ளோன்' என்ற வரிசையையும், பிறகு 'மைக்ரோ சேஞ்ச்' என்ற வரிசையையும் கொண்டுவந்தது. டயாக்ளோனில் இந்த ரோபோக்களுக்கு உயிர் கிடையாது. உள்ளே விரல்நுனி அளவு மனிதன் உட்கார்ந்து ஓட்டுவான். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இந்த இரண்டு வரிசையிலிருந்தும் பொம்மைகளை எடுத்து, ஓட்டுகிற மனிதனை விட்டுவிட்டு, ரோபோவுக்கே உயிரும் பெயரும் குணமும் கொடுத்து 1984இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று விற்றது. என் மகன் பிறந்த வருஷமும் அதுதான். பெரும்பாலான பெயர்களை வைத்தவர் மார்வெல் காமிக்ஸின் பாப் புடியான்ஸ்கி. தலைவனுக்கு ஆப்டிமஸ் பிரைம் என்று பெயர் வைத்தவர் மட்டும் அங்கேயே வேலை பார்த்த டென்னிஸ் ஓ'நீல். மறு வருஷம் அதே பொம்மைகள் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற புதுப் பெயரோடு ஜப்பானுக்கே திரும்பிப் போயின. அங்கே தலைவனுக்குப் பெயர் ஆப்டிமஸ் இல்லை, 'கான்வாய்'.

இதைக் கேட்டபோது எனக்கு நம் கட்டுமரம் ஞாபகம் வந்தது. கட்டி மிதக்கவிட்ட மரம் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆகி, இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகாகத் திரும்பி வரவில்லையா, அந்த மாதிரி. ஜப்பான்காரனிடம் சொன்னேன். "டீச்சர், இதை அப்பவே வகுப்புல சொல்லியிருந்தா நான் தமிழ்ல பாஸாகியிருப்பேன்" என்றான்.

இவர்கள் சண்டையில் முக்கியமானது, எந்த நாட்டுப் பொம்மை உசத்தி என்பது. ஜப்பான்காரன், "ஜப்பான்ல பெயிண்ட் நல்லா இருக்கும், கார்ட்டூன்ல வர்ற நிறம் அப்படியே வரும்" என்பான். அமெரிக்காக்காரன், "அந்தக் காசுக்கு நான் இங்க ரெண்டு வாங்குவேன்" என்பான். பிறகு புகைக்குழாய் விவகாரம் வரும். ஆப்டிமஸ் பிரைமின் லாரிக்கு இரண்டு பக்கமும் நீளமாகப் புகைக்குழாய் உண்டு. 2003இல் ஜப்பானில் பெரியவர்களுக்கென்று 'மாஸ்டர்பீஸ்' என்ற பெரிய பொம்மை வந்தது. அடுத்த வருஷம் அதை ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் விற்றபோது, பிள்ளைகளைக் குத்திவிடக் கூடாது என்று குழாயைக் குட்டையாக்கிவிட்டார்கள். குழாய் குட்டையானதற்கு இத்தனை வருஷம் கழித்தும் இவர்கள் துக்கம் அனுசரிக்கிறார்கள்! 34 வருஷம் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் நான் ஹாஸ்ப்ரோ பக்கம்தான். பென்சில் முனையே கண்ணருகே போனதைப் பார்த்தவள் நான். அன்று மூன்று பேரும் என்னோடு பேசவில்லை.

வில்லன் மெகட்ரான் கதை இன்னும் வேடிக்கை. முதல் மெகட்ரான் நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கிற வால்தர் பி-38 கைத்துப்பாக்கியாக மாறுவான். 1980களின் கடைசியில் அமெரிக்காவில், பொம்மைத் துப்பாக்கி என்று பார்த்தவுடன் தெரிய முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 1993இல் அங்கே வந்த மெகட்ரான் துப்பாக்கியே இல்லை, பச்சை நிற டாங்கி. ஜப்பானிலோ 2007இல்கூட அசல் துப்பாக்கி மாதிரியே பெரிய மெகட்ரான் வந்தது. அதை அமெரிக்காவுக்கு வரவழைக்க அங்குள்ளவர்கள் பட்ட பாட்டை அமெரிக்காக்காரன் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவான்.

ஜெட்ஃபயர் என்ற வெள்ளை விமானம் தலைகீழ். அது அமெரிக்காவில் கிடைத்தது, ஜப்பானில் டிரான்ஸ்ஃபார்மர்ஸாக விற்கவே இல்லை. காரணம், அந்தப் பொம்மை தகாரா செய்ததே இல்லை. 'மாக்ரோஸ்' என்ற வேறொரு கார்ட்டூனின் விமானம் அது. ஜப்பானில் அதன் உரிமை தகாராவின் போட்டியாளரான பண்டாயிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அதனால் கார்ட்டூனிலும் அந்தப் பாத்திரத்தின் பெயரையும் உருவத்தையும் மாற்றி 'ஸ்கைஃபயர்' என்று காட்டினார்கள். இப்போது தகாராவும் டோமியும் ஒரே கம்பெனி, 2006இல் இணைந்துவிட்டன. சமீப வருஷங்களில் ஹாஸ்ப்ரோ பொம்மைக்கும் அவர்கள் பொம்மைக்கும் பெரும்பாலும் வித்தியாசமே இல்லை. "பின்ன என்னடா சண்டை?" என்று கேட்டேன். "பழசுக்குத்தாம்மா" என்றான் மகன்.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு ஆச்சரியம். டயர் செய்கிற சென்னை எம்.ஆர்.எஃப். கம்பெனியும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் ஃபன்ஸ்கூல் கம்பெனியைத் தொடங்கினார்கள். 'ஜி.ஐ. ஜோ' சிப்பாய்ப் பொம்மைகளை அவர்கள் இங்கேயே செய்து விற்றார்கள். அமெரிக்காவில் பச்சையாக இருந்த சட்டை இங்கே வேறு நிறத்தில் வந்துவிடும். அந்த விநோத நிறங்களுக்காகவே வெளிநாட்டில் இந்தியச் சிப்பாய்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்களாம். உங்களில் எத்தனை பேர் அதைத் தெருவில் போட்டு உடைத்தீர்களோ!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேச்சு, "உன் முதல் டிரான்ஸ்ஃபார்மர் எது?" என்று திரும்பியது. அமெரிக்காக்காரன் ஏதோ ஒரு கார் என்றான். ஜப்பான்காரன், தான் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில்தான் வாங்கினேன் என்றான். என் மகன், "தண்டர் கிளாஷ். மூணாங்கிளாஸ் படிக்கும்போது மாமா கப்பல்லருந்து கொண்டு வந்தாரு" என்றான்.

மற்ற இருவரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "டேய், பொய் சொல்லாத" என்றான் அமெரிக்காக்காரன்.

அவன் நம்பாததற்குக் காரணம் உண்டு. 1990க்குப் பிறகு அமெரிக்காவில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். மறுபடி வந்தது 1993இல்தான். அந்த இடைவெளியில் ஜப்பானில் வேறு பொம்மைகள், ஐரோப்பாவில் வேறு பொம்மைகள். 1992இல் ஐரோப்பாவுக்கென்று 'டர்போமாஸ்டர்ஸ்' என்று ஒரு கூட்டம் வந்தது. அதற்குத் தலைவன்தான் தண்டர் கிளாஷ். இவனும் லாரி. பின்னால் இழுத்துவரும் டிரெய்லர் விரிந்தால் ஒரு தளமாக நிற்கும். இது அமெரிக்கக் கடைக்கும் வரவில்லை, ஜப்பான் கடைக்கும் வரவில்லை. என் தம்பி அப்போது சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். ராட்டர்டாமில் கப்பல் நின்றபோது ஏதோ ஒரு கடையில் கண்ணில் பட்டதை வாங்கி வந்தான். அமெரிக்கப் பையனுக்கும் ஜப்பான் பையனுக்கும் கிடைக்காத பொம்மை தூத்துக்குடியில் ஒரு வாத்தியாரம்மா வீட்டில் கிடந்தது. அதன் அருமை எங்கள் யாருக்கும் தெரியாது. அவன் ஒருவனுக்குத் தெரியும்.

"இப்ப எங்கடா இருக்கு அது?" என்று ஜப்பான்காரன் கேட்டான்.

என் மகன் என் பக்கம் திரும்பவே இல்லை. "தொலைஞ்சு போச்சுடா" என்றான்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அது தொலையவில்லை. நான் கொடுத்துவிட்டேன்.

1995 மே மாதம். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தான். கோவில்பட்டியிலிருந்து என் மதினி குடும்பத்தோடு லீவுக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய கடைசிப் பையனுக்கு ஆறு வயசு. வந்த நாலு நாளும் அந்த லாரியை விடவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது கையில் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மதினி, "வச்சிருடா, அது அண்ணனோடது" என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். நான்தான், "பரவாயில்ல மதினி, கொண்டு போகட்டும். இவன் ஆறாங்கிளாஸ் போறான், இன்னும் என்ன பொம்மை" என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை என்ற பெருமை.

என் மகனிடம் கேட்கவில்லை. அவன் அங்கேயேதான் நின்றான், கதவு ஓரமாக. அழவில்லை. "சரிம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிட வராமல் தூங்கிவிட்டான். வெயிலில் ஆடிய அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் ரப்பரைக் கேட்காமல் எடுத்தால், எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கச் சொல்கிற டீச்சர் நான். என் வீட்டில் என் பிள்ளையின் பொருளை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தபோது, அது தப்பு என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. 'நம்ம பிள்ளைதானே' என்ற ஒரே எண்ணம்தான்.

அந்த ஞாயிறு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நண்பர்கள் முன்னால் அம்மாவைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றுதானே 'தொலைந்துவிட்டது' என்றான்? முப்பது வருஷமாக யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லியிருப்பானோ?

மறுநாள் மதினிக்குப் போன் செய்தேன். அவர்களுக்கு அப்படி ஒரு லாரி ஞாபகமே இல்லை. பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான், நல்ல வேலை, இரண்டு பிள்ளைகள். அவனிடமும் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அத்தை, உங்க வீட்டுக் கொய்யாமரம் ஞாபகம் இருக்கு. பொம்மை ஞாபகம் இல்லையே. முக்கியமானதா?" என்றான். அவன் மேல் தப்பே இல்லை, ஆறு வயசுப் பிள்ளை. (மதினி, இதை வாசித்தால் வருத்தப்படாதீர்கள். இதில் என் தப்பு மட்டும்தான் இருக்கிறது.) வாங்கினவனுக்கு ஒரு வாரம்கூட நினைவில் நிற்காதது, கொடுத்தவன் மனசில் முப்பது வருஷம் நின்றிருக்கிறது.

அன்று சாயங்காலம் மகனிடம் கேட்டேன். "தண்டர் கிளாஷ் இப்ப எங்கயாவது கிடைக்குமாப்பா?"

அவனுக்கு ஆச்சரியம். அந்தப் பேர் என் வாயில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. "கிடைக்கும்மா. ஐரோப்பாவுல யாராச்சும் பழசு விப்பாங்க. ஆனா ஒண்ணு முழுசா இருக்காது, இல்ல விலை ஜாஸ்தி" என்றான். "பத்து வருஷமா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டான்.

பொம்மை வாங்குவதும் இப்போது லேசான காரியம் இல்லையாம். 2020 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பொம்மைக்கான சுங்கத் தீர்வை 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. 2021 ஜனவரி 1 முதல் இங்கே விற்கிற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உள்ளூரில் பொம்மை செய்கிறவர்கள் பிழைக்க வேண்டும், மட்டமான பிளாஸ்டிக் பிள்ளைகள் வாயில் போகக் கூடாது. இரண்டும் நல்ல காரணம்தான். ஆனால் குறைவாக விற்கும் பொம்மைகளை வரவழைக்கக் கடைக்காரர்கள் தயங்குகிறார்கள். அமெரிக்காவில் கடைக்குப் போய் எடுக்கிற பொம்மையை இவர்கள் முன்பதிவு செய்து, மாதக்கணக்கில் காத்திருந்து, கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறார்கள்.

என் பென்ஷனிலிருந்து பணம் தருகிறேன் என்றேன். அவன் வேண்டாம் என்றான். நான் விடவில்லை. "நான் எடுத்ததை நான்தான்டா திருப்பிக் கொடுக்கணும்" என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது குரல் தழுதழுத்துவிட்டது. அவன் என் முகத்தைப் பார்த்தான். "உனக்கு ஞாபகம் இருக்காம்மா?" என்றான். எனக்கு ஞாபகமே இருக்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருக்கிறான்.

நெதர்லாந்தில் ஒருவரிடம் கிடைத்தது. பெட்டி கிடையாது, ஒரு துப்பாக்கியும் இல்லை. பார்சல் சுங்கத்தில் சில நாள் நின்று, தீர்வை கட்டி, செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.

அவன் வரும்வரை பிரிக்காமல் வைத்திருந்தேன். வந்தவன் கைகால்கூடக் கழுவவில்லை. பபிள் கவரைப் பிரித்து, லாரியைக் கையில் எடுத்து, தரையில் உட்கார்ந்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். 41 வயசுக்காரன், நரை விழுந்த தலை. உருட்டின விதம் மூன்றாம் வகுப்பில் உருட்டியது மாதிரியே இருந்தது. பேத்தி, "அப்பா, எனக்கு?" என்று கை நீட்டினாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவன், "அப்பாவோடதும்மா. சேர்ந்து விளையாடலாம், ஆனா இது அப்பாவோடது" என்றான். நான் 1995இல் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சேர்க்கிறவர்களுக்குப் பொம்மையைவிடப் பெட்டிக்கு மதிப்பாம். பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒன்று உறைத்தது. கட்டிலுக்கடியில் இருக்கும் என் பழைய தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். பயிற்சிப் பள்ளி நோட்டுகள், பாடக்குறிப்பு ஏடுகள், அவற்றுக்குக் கீழே ரப்பர் பேண்டு போட்ட மின்னட்டைகள். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். புது சார்ட் வாங்கக் காசில்லாத காலம். சட்டை அட்டை, சோப்பு டப்பா, ஸ்வீட் பெட்டி என்று எது கிடைத்தாலும் வெட்டி எழுதுவேன். நல்ல கெட்டி அட்டை என்று அந்த லாரிப் பெட்டியையும் வந்த வாரமே வெட்டியிருந்தேன்!

ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. முன்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் 'ழ' என்று என் கையெழுத்து. பின்பக்கம் மங்கின நிறத்தில் ஒரு ரோபோவின் தோள்பட்டை, பக்கத்தில் பாதி ஆங்கில எழுத்து.

கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அடப்பாவி அம்மா, பெட்டியையும் வெட்டிட்டியா!" என்று சிரித்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த மாதிரி சிரித்தான். அந்த அட்டை இப்போது கண்ணாடி அலமாரியில் லாரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. 'ழ' முன்பக்கம் தெரிகிற மாதிரிதான் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலில் அதைக் காட்டியபோது ஜப்பான்காரன் கத்தினான்: "டீச்சர், அந்த 'ழ' அட்டையை வச்சுத்தான் எனக்கு வாழைப்பழம் சொல்லிக் கொடுத்தீங்க!" அப்படியானால் அவன் தண்டர் கிளாஷின் ஒரு துண்டைத் தினமும் பார்த்துத்தான் படித்திருக்கிறான். அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எந்த நாட்டுப் பொம்மை அசல் என்று இவர்கள் இன்னும் பல வருஷம் வாதாடுவார்கள். என் தீர்ப்பைக் கேட்டால், எந்தப் பிள்ளையின் கையில் எது முதலில் இருந்ததோ, அந்தப் பிள்ளைக்கு அதுதான் அசல். குழாய் குட்டையோ நீளமோ.

இனி என் கேள்வி. 34 வருஷத்தில் உங்களிடமிருந்து நான் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டவை எத்தனையோ. பம்பரம், கோலிக்குண்டு, சினிமாப் படச் சீட்டு, ஒரு டிஜிட்டல் வாட்ச்கூட உண்டு. 'வருஷக் கடைசியில தர்றேன்' என்பேன். எல்லாவற்றையும் கொடுத்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. உங்கள் பொருள் ஏதாவது திரும்பி வராமல் போயிருந்தால் கீழே எழுதுங்கள். பொருளைத் திருப்பித் தர முடியுமோ தெரியாது. மன்னிப்பாவது கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர்களாகிவிட்ட மாணவர்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். வருகிற லீவில் சொந்தக்காரப் பிள்ளைகள் வருவார்கள். ஏதாவது ஒரு பொம்மையைக் கேட்டு அழுவார்கள். தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால், கதவு ஓரமாக நிற்கிற உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்